யாருப்பா கிளம்பிட்டா?

முதல் வெடி வெடித்தபோது காலை ஆறரை மணி. சித்திரை வெயில் இன்னும் ஏறவில்லை. மதுரை செல்லூரில் எங்கள் சந்து அப்போதுதான் வாசல் தெளித்துக் கோலம் போட்டுக்கொண்டிருந்தது. கிக்கரை ஓங்கி ஒரு மிதி மிதித்தேன். கார்புரேட்டர் ஒரு தும்மல் போட்டது. அடுத்த நொடி சைலன்சரிலிருந்து வந்த சத்தத்தில், மின்கம்பியில் உட்கார்ந்திருந்த காக்கைகள் மொத்தமும் வைகையின் தென்கரைக்குக் குடிபெயர்ந்தன. எதிர்வீட்டு அப்பத்தாவுக்குக் காது மந்தம். அதற்கே கேட்டுவிட்டது. கோலப்பொடிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, நெஞ்சில் கைவைத்துக் கேட்டது:

"யாருப்பா கிளம்பிட்டா?"

எங்கள் பக்கத்தில் வேட்டுச் சத்தத்துக்கு மூன்றே அர்த்தம்தான். கோயில் திருவிழா, கட்சிக்காரர் வருகை, இரண்டும் இல்லையென்றால் சாவு. மேளமும் இல்லாமல் கொடியும் இல்லாமல் வெடித்தால் மூன்றாவதுதான். அப்பத்தாவின் கணக்கில் பிழை இல்லை.

"யாரும் கிளம்பலை அப்பத்தா. அதான் பிரச்சனையே" என்றேன்.

வண்டி அப்பாவுடையது. எண்பதுகளின் நடுவில் வாங்கிய என்ஃபீல்டு புல்லட் 350. இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊர்க்காரக் குடும்பம். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சம்பந்தம் வைத்துக்கொண்டு திருவொற்றியூரில் குடியேறியது. பிறந்த வீட்டில் 1970இல் கடையைக் கட்டிவிட்டார்கள். புகுந்த வீட்டில் இன்னும் உலை கொதிக்கிறது. 70 மில்லிமீட்டர் அகலத்தில் ஒற்றைப் பிஸ்டன். 90 மில்லிமீட்டர் உயரத்துக்கு ஏறி இறங்குவது அதன் வேலை. வலது காலில் கியர், இடது காலில் பிரேக். இன்றைய பையன்கள் யாராவது ஏறினால், நிறுத்த நினைக்கும்போது கியர் மாற்றிவிட்டு முன்னால் போகும் ஆட்டோக்காரரிடம் மன்னிப்புக் கேட்பார்கள்.

போன வருஷம் முதல் வண்டி நீலப் புகை விட ஆரம்பித்தது. நான் போகும் தெருவில் எல்லாம் ஜன்னலைச் சாத்தினார்கள். கொசு மருந்து வண்டி என்று நினைத்துச் சில குழந்தைகள் பின்னால் ஓடி வந்தன. ரிங் தேய்ந்துவிட்டது என்பது எனக்கே தெரிந்தது. நல்ல மெக்கானிக்கிடம் விட்டிருக்க வேண்டும். விடாததற்குக் காரணம் ஜி. டி. நாயுடு.

கோயம்புத்தூர் நாயுடுவின் கதையைச் சின்னப் பையன்களுக்குச் சொல்வது ஆபத்து. வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ரட்ஜ் மோட்டார் சைக்கிளில் வந்ததைப் பார்த்தார், தூக்கம் போயிற்று, ஓட்டலில் சர்வராக வேலை பார்த்துக் காசு சேர்த்தார், அப்படியொரு வண்டியை வாங்கினார், கழற்றினார், பூட்டினார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ்ஸே விட்டார். இந்தக் கதையில் "கழற்றினார், பூட்டினார்" என்ற இரண்டு சொல் மட்டும் பத்து வயதில் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டன. இரண்டுக்கும் நடுவில் எத்தனை நாள் ஆனது, பூட்டியபின் எத்தனை முறை வெடித்தது, எதிர்வீட்டில் என்ன கேட்டார்கள் என்பதை எனக்குக் கதை சொன்ன யாரும் சொல்லவில்லை.

தவிர, மதுரைக்காரனுக்கு இஞ்சின் விஷயத்தில் கொஞ்சம் திமிர் உண்டு. டி. வி. சுந்தரம் ஐயங்கார் நூறு வருஷத்துக்கு முன்னாலேயே பஸ் விட்ட ஊர். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் பஞ்சம் வந்தபோது, கரியைப் புகையவிட்டு அந்த வாயுவில் வண்டி ஓட்டுவதற்கு அவருடைய கம்பெனி பிளான்டே செய்து கொடுத்தது. கரியில் பஸ் ஓட்டிய ஊரில் பிறந்துவிட்டு, பெட்ரோலில் ஒரு புல்லட்டை ஓட்ட முடியாதா?

முடியவில்லை என்பதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

திண்ணையில் பழைய வேட்டியை விரித்து, நாலு பால்கோவா டப்பாக்களில் போல்ட்டுகளைப் பிரித்துப் போட்டு, ஹெட்டை இறக்கினேன். போரை லேத்துப் பட்டறையில் கொடுத்து வாங்கினேன். புது ரிங். வால்வுக்குப் பசை தடவி, ரப்பர் மூக்கு வைத்த குச்சியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக் கடைந்தேன். அம்மா எட்டிப் பார்த்து, "வெண்ணெ எப்படா தெரளும்?" என்று கேட்டார்.

அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரை கிடையாது. வண்டியின் வலது பக்கம் ஒரு வட்ட மூடி இருக்கிறது. அதற்குள்தான் பாயிண்ட். பிளக்கில் எப்போது நெருப்புப் பொறி விழ வேண்டும் என்று முடிவு செய்கிற இடம். ரிங் மாற்றுகிறவனுக்கு அங்கே எந்த வேலையும் இல்லை. ஆனாலும் அழுக்காக இருந்தது. மூடியைத் திறந்து, நடு போல்ட்டைக் கழற்றி, பாயிண்ட்டைத் திறந்து மூடுகிற கேமை வெளியே எடுத்து, பெட்ரோலில் குளிப்பாட்டி, வெயிலில் காயவைத்தேன். சவரம் செய்யப் போனவன் பல்லையும் பிடுங்கிக்கொண்டு வந்த கதை.

திரும்ப மாட்டும்போது நான் காட்டிய நுணுக்கத்தைப் பார்த்திருக்க வேண்டும். சைக்கிள் கம்பி ஒன்றைப் பிளக் ஓட்டைக்குள் விட்டு, பிஸ்டன் உச்சிக்கு வருவதைத் தொட்டுப் பார்த்தேன். அங்கிருந்து 0.8 மில்லிமீட்டர் பின்னால் இறக்கி, சரியாக அந்த இடத்தில் பாயிண்ட் திறக்கும்படி கேமை இறுக்கினேன். பாயிண்ட் இடைவெளி 0.35 மில்லிமீட்டர். பத்தாம் வகுப்பில் கணக்கில் நூறு வாங்கியபோதுகூட இவ்வளவு திருப்தி இல்லை.

பிறகுதான் காக்கைகள் தென்கரைக்குப் போயின.

அடுத்த நாலு நாளும் எங்கள் சந்தில் மெக்கானிக் அல்லாதவர் யாரும் இல்லை. டீக்கடை மாஸ்டர், "பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கும்ணே" என்றார். டேங்கைக் காலி செய்து புதுசு ஊற்றினேன். வெடி முன்னைவிடச் சுத்தமாகக் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரர் பிளக்கைச் சந்தேகப்பட்டார், மாற்றினேன். கண்டென்சர் போனால் பாயிண்ட்டில் பொறி பறக்கும், கண்டபடி வெடிக்கும் என்று ஒருவர் சொன்னார். அது உண்மைதான். விரல் நுனி அளவு டப்பா, அதையும் மாற்றினேன். பிறகு காயில். பிறகு கார்புரேட்டரைக் கழற்றி ஜெட்டில் வாய் வைத்து ஊதினேன். என் மச்சினன் திருமங்கலத்திலிருந்து வந்து எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மச்சான், எலுமிச்சம்பழம் வச்சீங்களா?" என்றான். வைத்தேன். டயருக்கு அடியில் வைத்த பழம் அப்படியே முழுசாக இருந்தது. வண்டி நகர்ந்தால்தானே நசுங்கும்?

என் மூளை கொஞ்சம் வேலை செய்திருந்தால் அங்கேயே பிடித்திருப்பேன். கார்புரேட்டர் வழியாக மட்டும் வெடித்தால், எங்காவது பேக்கிங்கில் காற்று இழுக்கிறது, பெட்ரோல் போதவில்லை, அல்லது உள்வால்வு சரியாக உட்காரவில்லை. சைலன்சரில் மட்டும் வெடித்தால், எரியாத பெட்ரோல் வெளியே போய் அங்கே பற்றுகிறது. எனக்கோ மேலேயும் போனது, கீழேயும் போனது. வாந்தியும் பேதியும் ஒன்றாக வந்தால் கோளாறு வயிற்றில்தான். நான் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

சந்துப் பொடிசுகளுக்குக் கோடை விடுமுறை. நான் கிக்கரில் கால் வைத்ததும் காதைப் பொத்திக்கொண்டு "ஒன்னு, ரெண்டு, மூணு" என்று எண்ணினார்கள். தும்மல் முதலிலா வெடி முதலிலா என்று கோலிக்குண்டு வைத்துப் பந்தயம் வேறு. மூன்றாம் நாள் அவசரத்தில் டீகம்ப்ரஸரைப் பிடிக்க மறந்து மிதித்தேன். கிக்கர் பாதியில் முறைத்துக்கொண்டு நின்றது; கால் வழுக்கி, கணுக்கால் ஃபுட்ரெஸ்டில் மோதியது. உப்பு ஒத்தடத்தோடு படுத்திருந்தவனைப் பார்க்க வந்த சித்தப்பா, "புல்லட்ல எங்கப்பா விழுந்த?" என்று கேட்டார். வண்டி இருந்த இடத்தைவிட்டு ஒரு அடிகூட நகரவில்லை என்பதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. கப்பலூர் பக்கம் என்றேன்.

அப்பத்தா தினமும் ஒரு தடவை வெளியே வந்து, "இன்னிக்கு யாருப்பா?" என்று விசாரித்துவிட்டு, "இந்தச் சித்திர பொல்லாத மாசமால்ல இருக்கு" என்று உள்ளே போகும்.

ஐந்தாம் நாள் தோல்வியை ஒப்புக்கொண்டேன். நூற்றறுபது கிலோவுக்கு மேல் கனக்கிற வண்டியை ஏ.வி. பாலம் வரைக்கும்கூடத் தள்ள முடியாது. குட்டியானை லாரி பிடித்தேன். யானைமலை அடிவாரத்தில், ஒத்தக்கடையைத் தாண்டிப் புளியமரத்தடியில் ஒருவர் பழைய புல்லட் மட்டும் பார்ப்பார் என்று கேள்வி. அப்படியாக, குட்டியானை மேல் ஏறி யானைமலைக்குப் போனது என் புல்லட்.

அவர் எழுபதைத் தொட்டவர். பீடியை அணைத்துக் காதில் செருகிக்கொண்டு, "என்ன தம்பி பண்ணுது?" என்றார். நான் பிளக்கில் ஆரம்பித்து எலுமிச்சம்பழம் வரைக்கும் ஒப்பித்தேன். அவர் கேட்டதாகத் தெரியவில்லை. சாவியைத் திருப்பினார். கிக்கரைக் காலால் மிதிக்காமல் கையால் மெதுவாக அமுக்கினார். கண் ஆம்ஸ் மீட்டர் முள்ளிலேயே இருந்தது. பாயிண்ட் மூடியிருந்தால் முள் ஒரு பக்கம் சாயும். திறந்ததும் நடுவுக்கு வரும். அப்பாவும் அந்த முள்ளைப் பார்த்துத்தான் மிதிப்பார்.

"முள்ளு நடுவுக்கு வருதா?"

"வருதுண்ணே."

"இப்ப கிக்கரு எப்படி இருக்கு, அமுக்கிப் பாரு."

"லேசா இருக்குண்ணே."

"கனமால்ல இருக்கணும்" என்றார். பிளக்கைக் கழற்றச் சொன்னார். "ஓட்டைல வெரல வையி." அவர் கிக்கரை அமுக்கினார். பிஸ்டன் மேலே வந்தது. விரலில் ஒன்றும் தெரியவில்லை. இன்னும் ஒரு சுற்று. இந்த முறை உள்ளேயிருந்து காற்று என் விரலைப் பிடித்துத் தள்ளியது.

"பிஸ்டன் ஒரு வேலைக்கு ரெண்டு தடவ மேல வரும் தம்பி. ஒரு தடவ அமுக்க வரும், ஒரு தடவ பொகையத் தள்ள வரும். நீ பொகையத் தள்ள வந்தவன் மூஞ்சில நெருப்ப வச்சிருக்க."

"ரெண்டும் பாக்க ஒரே மாதிரித்தானண்ணே இருக்கு?"

"பாக்க ஒரே மாதிரித்தான் இருக்கும். அதுக்குத்தான் வெரலு."

1876இல் ஜெர்மனியில் நிக்கோலஸ் ஓட்டோ கட்டிய இஞ்சின் முதல் இன்றுவரை நாலு வேலைதான்: இழு, அமுக்கு, வெடி, தள்ளு. இதற்குள் கிராங்க் இரண்டு முறை சுற்றும். கேம் ஒரு முறைதான் சுற்றும். என் சைக்கிள் கம்பிக்குப் பிஸ்டன் உச்சியில் இருப்பது மட்டும்தான் தெரியும், எதற்காக வந்து நிற்கிறது என்பது தெரியாது. நான் கேமை அரைச்சுற்றுப் பிசகி மாட்டியிருக்கிறேன். அதனால் இழுத்து அமுக்கிய பெட்ரோல் தீ கிடைக்காமல், எரியாமலே சைலன்சருக்குள் போய்க் குவிகிறது. அது போய்க்கொண்டிருக்கும்போதே, இரண்டு வால்வும் கொஞ்சம் கொஞ்சம் திறந்திருக்கிற நேரம் பார்த்து, பொறி விழுகிறது. தீ ஒரு பக்கம் கார்புரேட்டருக்குப் போய்த் தும்முகிறது. இன்னொரு பக்கம் சைலன்சருக்குப் போய்க் காக்கை ஓட்டுகிறது. தாலி கட்டும்போது வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு, பந்தி முடிந்து எல்லாரும் கை கழுவும்போது "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று கத்தியிருக்கிறேன்.

0.8 மில்லிமீட்டரும் சரி, 0.35 மில்லிமீட்டரும் சரி. கிராங்க் கணக்கில் ஒரு முழுச் சுற்று மட்டும் தப்பு.

அவர் வட்ட மூடியைத் திறந்து, கேமைத் தளர்த்தி, அரைச்சுற்றுத் திருப்பி, முள்ளைப் பார்த்து இறுக்கினார். பீடி காதிலேயே இருந்தது, அவ்வளவு நேரம்தான். "மிதி" என்றார். எனக்குக் கணுக்கால் கூசியது. டீகம்ப்ரஸரைப் பிடித்து, கனத்தைத் தாண்டி, கண்ணை மூடிக்கொண்டு மிதித்தேன். ஒரே மிதி. டப், டப், டப் என்று அப்பா காலத்துச் சத்தம். நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். "ஏற்கெனவே எம்புட்டுச் செலவு பண்ணுன?" என்று கேட்டார். சொன்னேன். முதல் முறையாகச் சிரித்தார்.

திரும்பி வரும் வழியில் மாட்டுத்தாவணி தாண்டியதும் திருவிழாக் கூட்டம். அழகர் ஆற்றில் இறங்க இரண்டு நாள்தான் இருந்தது. கதைப்படி, தங்கை மீனாட்சி கல்யாணத்துக்குக் கிளம்பிய அழகர் வைகைக்கு வந்து சேர்வதற்குள் தாலி ஏறிவிட்டது. கோபத்தில் ஊருக்குள் வராமலே வண்டியூர்ப் பக்கம் போய்விட்டார். மாசியில் நடந்துகொண்டிருந்த கல்யாணத்தையும் சித்திரையில் நடந்த அழகர் பயணத்தையும் திருமலை நாயக்கர்தான் ஒன்றாகச் சேர்த்தார் என்று சொல்வார்கள். டைமிங் செட் பண்ணியவரும் கொஞ்சம் பிசகித்தான் வைத்திருக்கிறார். சாமிக்கே அந்தக் கோபம் வந்தது. 346 சிசி வெடித்ததில் ஆச்சரியம் இல்லை. தல்லாகுளத்தில் பந்தல் கட்டிக்கொண்டிருந்தவர்கள் புல்லட் சத்தத்துக்குத் திரும்பிப் பார்த்தார்கள். நான் தேவையில்லாமல் இன்னொரு ரவுண்டு போனேன்.

மறுநாள் காலை ஆறரை. வழக்கமான நேரம். பொடிசுகள் காதைப் பொத்திக்கொண்டு தயாராக நின்றார்கள். மிதித்தேன். வெடி இல்லை. டப், டப், டப். பந்தயம் கட்டியவர்களுக்குள் சண்டை வந்தது. அப்பத்தா கோலத்திலிருந்து நிமிர்ந்து, வழக்கமாக வர வேண்டியது வராத குழப்பத்தில் என்னைப் பார்த்தது.

"என்னப்பா?"

எனக்கு இருந்த சந்தோஷத்தில் சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன்: "கிளம்பிருச்சு அப்பத்தா!"

அப்பத்தா கோலப்பொடிக் கிண்ணத்தைக் கீழே வைத்தது. சேலைத் தலைப்பை இழுத்து வாயை மூடிக்கொண்டது.

"பாவம், எத்தன நாளா இழுத்துக்கிட்டுக் கெடந்துச்சு" என்றது. "எப்ப எடுக்குறாய்ங்க?"