சொந்த வீடும் சுவர் ஆணியும்: ஓர் ஆய்வு

வாடகை கொடுப்பது தண்டம், அதே காசை டியூவாகக் கட்டினால் வீடு நமதாகும் என்பது மாமனார்கள் நிறுவிய கோட்பாடு. இதை மறுத்து ஆராய எவரும் துணிந்ததில்லை. மாமனார் எதிரே உட்கார்ந்திருப்பதே காரணம்.

சென்னை மடிப்பாக்கத்தில் 75 லட்சம் விலை சொல்லும் பழைய ஃபிளாட் ஒன்றை ஆய்வுப்பொருளாகக் கொள்வோம். வாடகைக்கு விட்டால் 20,000 தேறும். வாங்குகிறவர் கையிலிருந்து 25 லட்சம் போட்டு, மீதி 50 லட்சத்தை 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுக் கடனாக எடுக்கிறார். முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம், 6.75 லட்சம் சார்பதிவாளர் அலுவலகத்திலேயே விடைபெறுகிறது. மாதத் தவணை 43,391. முதல் தவணையில் வட்டி மட்டும் 35,417. அசலில் கழிவது 7,974. வட்டியை அசல் முந்துவது 143ஆவது தவணையில்தான். வீட்டுக்குக் கொடுத்தால் வாடகை, பணத்துக்குக் கொடுத்தால் வட்டி. தண்டமென்றால் இரண்டும் தண்டமே.

அஃதேல், வாடகைக்கு மேல் முதல் மாதம் 15,417 ரூபாய் தண்டம் எதன்பொருட்டு எனின், சுவரில் ஆணி அடிக்கும் உரிமையின்பொருட்டு என்க. வாடகை வீட்டில், முன்பு குடியிருந்தவர் அடித்துவிட்டுப் போன ஆணியில்தான் காலண்டர் தொங்கும். ஆணி ஃபேன் சுவிட்சுக்கு மேலே இருந்தால், காற்று வேண்டும்போதெல்லாம் முருகப்பெருமானைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். காலி செய்யும்போது, புது ஆணி இருந்தாலும் இல்லாவிட்டாலும், பெயின்ட்டிங்குக்கென்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடித்துக்கொள்வது சென்னை வழக்கு. எனவே குடித்தனக்காரர் அடிக்கும் ஆணிக்குத் தனிச் செலவில்லை என்பது பெறப்படும். அப்படியும் அவர் அடிப்பதில்லை. சொந்தக்காரரோ, புது பெயின்ட்டில் ஆணியா என்று வீட்டம்மா தடுத்துவிட, ஒட்டும் கொக்கி வாங்கி வருகிறார்.

வீட்டின் விலை ஏறாதா எனின், ஏறும். ஏறியதைக் கணக்குப் பார்த்து மகிழ்பவர் பலர். விற்றுக் காசாக்கியவர் சிலர்.

தவணை கட்டாததால் மிச்சமாகும் பணத்தை மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் போட்டு, 12 சதவீதம் கிடைக்கும் என்றும் எழுதிக்கொண்டால், குடித்தனக்காரரே கோடீஸ்வரர் என்று எக்செல் சொல்லும். இவ்வகைக் குடித்தனக்காரர் எக்செலுக்கு வெளியே அரிதாகவே தென்படுகிறார். களத்தில் அந்த மிச்சம் தீபாவளியிலும், அடுத்த வீட்டு அட்வான்ஸிலும், சாமான் ஏற்றும் லாரியிலும் கரைகிறது. வங்கியோ தேதி தவறாமல் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும். கடனுக்கு உள்ள ஒரே நற்குணம் இந்தக் கண்டிப்புதான். மாமனாருக்கு இதன்பொருட்டுப் பாதி மதிப்பெண் தரலாம்.

முடிபு: வாடகை தவணையில் பாதியைக்கூடத் தொடாத இடத்தில், பத்து ஆண்டாவது இருக்கப் போவதில்லை என்றால் வாங்க வேண்டாம். வாடகைக்கே போகிறவர்களுக்கு ஒரு தகவல்: வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம். பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். சொல்வதற்கு முன் வேறொரு வீடு பார்த்து வைத்துக்கொள்வது நலம்.