டிமிக்கி கொடுக்க முடியாத ஜெபம்

எங்கள் ஊரில் ஜெபம் பண்ணுவதற்கு யாரும் பிரயாசைப்பட்டதில்லை. பிரயாசையெல்லாம் ஜெபத்துக்கு டிமிக்கி கொடுப்பதற்குத்தான். தேரிக்காட்டு ஓரத்தில், பனைகளுக்கு மேலே மெஞ்ஞானபுரம் கோயிலின் 192 அடிக் கோபுரம் தெரிகிற தூரத்தில் ஊர். எழுபதுகளின் தொடக்கம். சாயங்காலம் கோயில் வேலையாளான கோயில்குட்டி மணியடித்தால், விளையாடிக்கொண்டிருந்த பையன்கள் பந்தோடு கலைவார்கள். அது கோயிலில் நடக்கும் மாலை ஜெபத்துக்கான மணி. உபதேசியாரும் நாலைந்து கிழவிகளும் அங்கே போவார்கள். மற்றவர்களுக்கு அது வீட்டு ஜெபத்துக்கான முன்னெச்சரிக்கை. அரிக்கேன் விளக்கைத் துடைத்து, பாய் விரித்து, கை கால் கழுவி உட்கார வேண்டும். ஜெபம் முடியாமல் சோறு கிடையாது. அடுக்களையில் கருவாட்டுக் குழம்பு மூடி வைத்திருக்கும். அந்த வாசனைக்கு நடுவே கண்ணை மூடிக்கொண்டு பரலோகத்தை நினைப்பது எளிதல்ல.

தாத்தா மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். ஜெபத்துக்கும் டைம்டேபிள் வைத்திருந்தார். அவர் கண்டுபிடித்ததல்ல அது. பழைய ஆங்கிலிக்கன் பொது ஜெபப் புத்தகத்தில் உள்ளது. 1549இல் கிரான்மர் என்ற பேராயர், துறவி மடங்களில் பகலும் இரவுமாகப் பல வேளைகளில் ஓதிவந்த ஜெபங்களைக் காலை, மாலை என்று இரண்டாகச் சுருக்கி, பாமர ஜனங்களும் சொல்லும்படி அவர்கள் பாஷையில் புத்தகமாக்கினார். அதில் வேதாகமத்தின் 150 சங்கீதங்களும் 30 நாளுக்குப் பங்கிடப்பட்டிருக்கும். மாதம் முடிந்தால் முதலிலிருந்து ஆரம்பம். சங்கீதங்களைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும் அந்த அட்டவணை அத்துபடி. 15ஆம் தேதி மாலை என்றால் 78ஆம் சங்கீதம், 72 வசனம். ஒரு வசனம் தாத்தா, அடுத்தது நாங்கள். எகிப்திலிருந்து புறப்பட்ட இஸ்ரவேலர் வனாந்தரத்தில் பசியில் முறுமுறுக்கிற இடம் வரும்போது, அந்த ஜனங்கள் மேல் எங்களுக்கு உண்டான அனுதாபம் வேறு யாருக்கும் உண்டாகியிருக்காது. 24ஆம் தேதி மாலை தொடங்கி 26 மாலை வரை 119ஆம் சங்கீதம். மொத்தம் 176 வசனம். அந்த நாட்களில் அத்தை வீட்டுக்குப் போகப் பையன்களுக்குள் போட்டி நடக்கும். அத்தை வீட்டில் ஒரு அதிகாரம், ஒரு ஜெபம், உடனே இலை.

சங்கீதம் முடிந்தால் முழங்கால். இங்கே தாத்தாவின் ஆட்சி முடிந்து ஆச்சியின் ஆட்சி தொடங்கும். ஆச்சி புத்தகம் பார்த்து ஜெபிக்கிறவள் அல்ல. ஊர்ச் செய்தி முழுவதையும் ஆண்டவருக்கு ஒப்புவிப்பாள். யார் வீட்டு ஆடு ஈன்றது, யார் பனையிலிருந்து விழுந்து திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், யார் மகளுக்கு மாப்பிள்ளை தட்டிப்போயிற்று, தட்டிவிட்டது யார் என்பது உட்பட எல்லாம் வரும். சங்கீதத்தைச் செவிமடுக்காத நாங்கள் இதை ஒரு வார்த்தை விடாமல் கேட்போம்.

வீட்டு நிர்வாகமும் முழங்காலில்தான் நடந்தது. “ஆண்டவரே, உலைத்தண்ணி வத்தி அடிப்பிடிக்கது கூடத் தெரியாம ரேடியோ கேக்கிற பிள்ளைகளுக்கு நல்ல புத்தியக் கொடும்” என்பாள். அந்தப் பிள்ளை என் அம்மா. பக்கத்திலேயே முழங்காலில் இருப்பாள். ஜெபத்தில் எதிர்வாதம் செய்ய முடியாது. ஆனால் தன் முறை வரும்வரை காத்திருக்கலாம். “இந்த வீட்டுல பெரியவங்க, சின்னவங்க எல்லாருடைய நாவையும் நீரே அடக்கி ஆளும் கர்த்தாவே” என்று அம்மா முடிப்பாள். அதற்கு எல்லோரையும்விட உரக்க ஆமென் சொல்கிறவள் ஆச்சிதான். தாத்தா கண்ணைத் திறக்காமலே தொண்டையைச் செருமி பரமண்டல ஜெபத்தை ஆரம்பித்துவிடுவார். எல்லோரும் ஒரே குரலில் அதைச் சொல்லி முடிப்பதற்குள் கோபம் பாதி இறங்கியிருக்கும். மீதியைக் குழம்பு பார்த்துக்கொள்ளும்.

காலையில் ஆச்சிக்கு இன்னொரு ஜெபம் உண்டு. சோற்றுக்கு உழக்கால் அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு பிடி எடுத்து மூலையிலுள்ள கலயத்தில் போடுவாள். பிடியரிசி. கை அரிசியில் இருக்கும்போதே, “தோர்ணக்கல்லில் ஊழியம் செய்கிற உம்முடைய பிள்ளைகளை நினைத்தருளும்” என்று முணுமுணுப்பாள். ஞாயிற்றுக்கிழமை கலயத்து அரிசி கோயிலுக்குப் போய் விற்றுப் பணமாகி, மிஷனுக்குப் போகும். திருநெல்வேலிச் சபையார் தாங்களே காசு போட்டு, தாங்களே ஆள் அனுப்பி நடத்த 1903இல் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கம் முதலில் கால் வைத்த இடம் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல். அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான வெள்ளாளன்விளை அசரியா 1912இல் அங்கேயே பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர். இதெல்லாம் ஆச்சிக்குத் தெரியாது. தோர்ணக்கல் மதுரைக்கு அந்தாண்டை எங்கோ இருக்கிறது என்று மட்டும் சொல்வாள். ஆனால் சோறு வடிக்கிற நாளெல்லாம் அந்த ஊரை நினைத்தாள். சோறு வடிக்காத நாள் அந்த வீட்டில் ஏது?

இப்போது பழக்கவழக்கங்களைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறவர்கள், புதுப் பழக்கம் ஒன்று ஒட்ட வேண்டுமானால் ஏற்கெனவே தினமும் செய்கிற வேலையோடு அதைக் கட்டிவிடுங்கள் என்று அறிவுரை சொல்கிறார்கள். நானும் விலை கொடுத்து வாங்கித்தான் படித்தேன்.

ஜெபத்துக்கு அர்த்தம் என்று ஒன்று இருப்பது எங்களுக்குத் தெரிந்தது திடப்படுத்தல் வகுப்பில். வகுப்பெடுத்த ஐயர் (சபைக் குருவானவரை அப்படித்தான் அழைப்போம்) பரமண்டல ஜெபத்தைக் கரும்பலகையில் ஏழு விண்ணப்பங்களாகப் பிரித்து எழுதினார். முதல் மூன்றும் கடவுளுடைய காரியம்: அவர் நாமம், அவர் ராஜ்யம், அவர் சித்தம். நாலாவதாகத்தான் அப்பம். அதுவும் ஒரு நாள் அப்பம். பிறகு மன்னிப்பு, சோதனை, தீமை. “நீங்க ஜெபம் பண்ணும்போது முத விண்ணப்பமே கணக்குப் பரீட்சைதானல?” என்று கேட்டார். வகுப்பில் ஒருவன் எழுந்து, நாம் கேட்பதற்கு முன்பே நமக்கு என்ன தேவை என்று பிதாவுக்குத் தெரியும் என இயேசு சொல்லியிருக்கிறாரே, அப்புறம் எதற்குக் கேட்பது என்று மடக்கினான். ஐயர் மடங்கவில்லை. “அவருக்குத் தெரியும்ல. ஒனக்குத் தெரியாண்டாமா?” என்றார். இத்தனை வருடத்தில் இந்த விஷயம் பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டாயிற்று. இதைவிடச் சுருக்கமாக, இதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதில்லை.

கல்லூரியில் எங்கள் தலைமுறைக்கு ஞானம் பிறந்தது. எழுதி வைத்ததைப் படிப்பது ஜெபமல்ல, உள்ளத்திலிருந்து ஆவியானவர் ஏவுகிறபடி சொந்த வார்த்தையில் ஜெபிக்க வேண்டும் என்று சீனியர் அண்ணன்கள் கற்றுக்கொடுத்தார்கள். விடுதி மொட்டைமாடியில் ஆளுக்கொரு மூலையாக நின்று ஜெபித்தோம். என்ன ஆச்சரியம், ஆவியானவர் எல்லா மூலையிலும் ஒரே வார்த்தைகளையே ஏவினார். அன்பின் பரலோகப் பிதாவே என்று தொடங்கி, இந்த நல்ல வேளைக்காக ஸ்தோத்திரம் சொல்லி, ஒரு கண்ணின் மணி, ஒரு செட்டைகளின் நிழல் என்று வழியில் பொறுக்கிக்கொண்டு, வழக்கமான முடிவில் வந்து நிற்கும். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அதைவிடச் சிறிய புத்தகம் ஒன்றை மனப்பாடம் செய்திருந்தோம். அந்தச் சொந்த வார்த்தையும் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்து உற்சாகத்தில் நன்றாக ஓடும், புதன்கிழமைக்கு மேல் வறண்டுவிடும். சொல்ல ஒன்றுமில்லாதபோது ஜெபிக்காமல் இருப்பதுதான் நேர்மை என்று எங்களில் புத்திசாலிகள் முடிவு கட்டினார்கள். ஆச்சி இந்த நேர்மையைக் கேள்விப்பட்டிருந்தால் விளக்குமாற்றைத் தேடியிருப்பாள்.

இந்தப் புதன்கிழமை வறட்சிக்கு மார்ட்டின் லூதர் மருந்து எழுதியிருக்கிறார். விட்டன்பெர்க் ஊரில் அவருக்கு முடி வெட்டிய பீட்டர், ஜெபிப்பது எப்படி என்று கேட்டதற்குப் பதிலாக 1535இல் வந்த சிறு புத்தகம் அது. மகா சீர்திருத்தவாதியே, மனம் குளிர்ந்து போனால் அறைக்குள் போய், மனப்பாடமானதைத்தான் வாய்விட்டுச் சொல்லத் தொடங்குவேன் என்கிறார். பரமண்டல ஜெபம், பத்துக் கட்டளை, விசுவாசப் பிரமாணம். ஒவ்வொரு வரியாக எடுத்து, இதில் கற்றுக்கொள்ள என்ன, நன்றி சொல்ல என்ன, அறிக்கையிட என்ன, கேட்க என்ன என்று நாலு இழையாகப் பிரித்துக்கொள். வழியில் மனம் சூடு பிடித்துச் சொந்த வார்த்தை வந்தால் எழுதியதை விட்டுவிட்டு அதன் பின்னால் போ. நல்ல நாவிதனுக்குக் கவனமெல்லாம் கத்தியிலும் முடியிலும் இருக்கும், ஜெபிக்கிறவனுக்கும் அப்படி இருக்க வேண்டும் என்று பீட்டருக்குப் புரிகிற மாதிரியே சொல்கிறார். புத்தகம் இன்றுவரை அச்சில் இருக்கிறது. அது எழுதப்பட்ட அதே ஆண்டு, ஈஸ்டர் சமயத்தில், பீட்டர் சாப்பாட்டு மேசையில் தன் மருமகனைக் கத்தியால் குத்திக் கொன்றுவிட்டார். லூதரும் நண்பர்களும் மன்றாடியதால் தலை தப்பி, ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார். ஜெபப் பயிற்சி முகாம் நடத்துகிறவர்கள் கதையின் முதல் பாதியை மட்டுமே சொல்கிறார்கள்.

இப்போது ஜெபிப்பதற்கு வசதிக்குக் குறைவில்லை. காலை ஆறு மணிக்கு போன் முனகும். பால் வந்தாயிற்று என்று ஒன்று, கிரெடிட் கார்டு கெடு என்று ஒன்று, தேவனோடு நேரம் செலவிட்டீர்களா என்று ஒன்று. வேதாகம ஆப் எத்தனை நாள் விடாமல் திறந்தோம் என்று கணக்கு வைக்கிறது. என் மகள் இரவு 11.58க்கு அவசரமாகப் போனைத் தேடினால் யாருக்கோ உடம்பு சரியில்லை போலும் என்று நான் பயப்படுவதில்லை. கணக்கு அறுந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். ஊர்க் குரூப்பில் யாராவது ஆபரேஷன் என்று ஜெபக் குறிப்பு போட்டால் ஒரு நிமிடத்துக்குள் முப்பது கூப்பிய கைகள் வந்து விழும். ஆச்சிக்கு அந்த ஆபரேஷன் விவரம் கிடைத்திருந்தால் முழங்காலில் கால் மணி நேரமாவது ஓட்டியிருப்பாள். டாக்டரின் பூர்வீகம் உட்பட. கோயிலில் உண்டியலுக்குப் பக்கத்திலேயே க்யூஆர் கோடு ஒட்டியிருக்கிறது. பிடியரிசிக் கலயம் எங்கே போயிற்றென்று யாருக்கும் தெரியாது.

ஒன்று சொல்ல வேண்டும். ஓய்வு பெற்ற பிறகு காலைச் சோறு என் பொறுப்பு. அரிசியைக் கழுவி அடுப்பில் வைத்ததும் லூதர் சொன்னபடி பரமண்டல ஜெபத்தை ஏழாகப் பிரித்து நிதானமாகச் சொல்லிப் பார்க்கிறேன். ஆப் எதுவும் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. நாமம், ராஜ்யம், சித்தம் என்று ஒரு மாதிரி போகும். நாலாவது விண்ணப்பத்துக்கு வரும்போது, அப்பத்துக்குச் சரியாக, குக்கர் விசில் அடித்துவிடும். பல நாள் மன்னிப்பு வரை போவதே இல்லை.

குடும்ப ஜெபத்தை 2020 ஊரடங்கு மீட்டுக் கொடுத்தது. ஜூமில். இங்கே இரவு 8.30, தம்பிக்குத் துபாயில் 7, அண்ணனுக்கு நியூ ஜெர்சியில் காலை 11, ஆபீஸ் நேரம். ஆகையால் அண்ணன் எப்போதும் கேமராவை அணைத்து, மியூட்டில் இருப்பான். அவன் ஜெபிக்கிறானா, மீட்டிங்கில் இருக்கிறானா என்பதை அறிந்தவர் ஒருவரே. பெரியப்பாவின் ஜெபத்துக்குக் கரை கிடையாது. ஊரில் அவரை நிறுத்தும் தைரியம் எந்த ஐயருக்கும் வந்ததில்லை. இலவச ஜூமுக்கு வந்தது. 40 நிமிடமானால் தயவு தாட்சண்யம் பார்க்காமல் எல்லோரையும் வெளியே தள்ளிவிடும். முதல் முறை அப்படி நடந்தபோது நாங்கள் ஆளுக்கொரு தட்டோடு உட்கார்ந்துவிட்டோம். மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போன் செய்தேன். “அதுக்கப்புறமும் முக்கா மணி நேரம் ஜெபிச்சேம்ப்பா. நீங்கதான் போயிட்டிய. அவரு லைன்லதான இருந்தாரு” என்றார்.

ஊரடங்கு போனபின் வாரத்துக்கு ஒரு நாள், சனிக்கிழமை மட்டும் என்று சுருங்கிவிட்டது. ஆனாலும் நடக்கிறது. போன மாதம் மைனி முறை. பிள்ளைகள் படிப்பு, தம்பியின் விசா, எனக்குச் சர்க்கரை எல்லாவற்றையும் வரிசையாக ஒப்புக்கொடுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “ஆண்டவரே, ஊர் வீட்டுப் பத்திரத்துல ரெண்டு வருசமா கையெழுத்துப் போடாம இழுத்தடிக்கிற பிள்ளைகளுடைய மனசையும் நீரே தொட்டு மாத்தும்.” கட்டங்களில் எல்லோர் கண்ணும் மூடியிருந்தது, தம்பி மட்டும் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான். என்றைக்கும் மியூட்டில் கிடக்கும் அண்ணன் அன்றைக்கு மியூட்டை எடுத்து, எல்லோரையும்விட உரக்க ஆமென் சொன்னான்.

கையெழுத்து இன்னும் வரவில்லை.