வேலைய விட்டுட்டு டிவிடெண்ட் சாப்புடப் போறாராம் நம்ம மாப்ள

வா மாப்ள, உக்காரு. உங்கம்மா நேத்தே போன் போட்டு ஒரு பாட்டம் அழுது முடிச்சிடுச்சு. "அண்ணே, இவன் வேலைய விட்டுட்டு ஷேர்ல வர்ற டிவிடெண்ட வாங்கியே சாப்புடப் போறானாம், நீயாவது கேளு"ன்னுச்சு. "அழாத தங்கச்சி, உம்மவன் வேலைக்குப் போனப்பவும் உக்காந்துதான் இருந்தான், இப்பவும் உக்காரத்தான் போறான், புதுசா இன்னா ஆயிடும்"னு சொல்லி வச்சிருக்கேன்.

சரி, கையில எவ்ளோ இருக்கு? 4 லட்சமா. பலே. எனக்குக் கணக்கெல்லாம் வராது, மல்லாட்டை மூட்டை எண்ணத் தெரியும், அவ்ளோதான். தப்பா இருந்தா திருத்து. நல்ல கம்பெனிங்க போட்ட பணத்துக்கு வருஷம் 2, 3 சதவீதம் டிவிடெண்ட் குடுத்தாலே பெரிசு. 3ன்னே வச்சிக்க. 4 லட்சத்துக்கு வருஷம் 12,000. மாசத்துக்கு 1,000 ரூபா. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் தெனம் போய்ட்டு வர்ற பஸ் காசுக்கே அது போயிடும், டீ குடிக்கணும்னா கடன் சொல்லணும். மாசம் 10,000 வேணும்னா 40 லட்சம் போடணும் மாப்ள. இன்னும் 36 தான் பாக்கி, கெளம்பு.

கோவப்படாத. இன்னாது, ஒரு கம்பெனி 800 சதவீதம் குடுக்குதா? அடேங்கப்பா. அந்த 800 எதுக்கு மேலன்னு கேட்டியா? முகமதிப்புக்கு மேல, அதாவது ஷேர்ல அச்சடிச்ச வெலைக்கு மேல. ஷேரோட முகமதிப்பு 1 ரூபான்னா 800 சதவீதம்னா 8 ரூபா. நீ அந்த ஷேர 400 ரூபா குடுத்து வாங்கினா உனக்கு வந்தது 2 சதவீதம். கம்பெனி பொய் சொல்லல. நீதான் பாதி வரியோட படிக்கறத நிறுத்திட்ட.

போனக் காட்டு, லிஸ்ட்ல மொத பேரு இன்னா? ஹிந்துஸ்தான் ஜிங்க்கா. நெனச்சேன். 2022-23ல அவுங்க ஒரு ஷேருக்கு 75 ரூபா 50 காசு குடுத்தாங்க. ஷேரு வெலையே அப்ப 300 ரூபா சுத்திதான். போட்டதுல கால் பங்கு ஒரே வருஷத்துல திரும்பி வருதேன்னு உன்ன மாதிரி புத்திசாலிங்க ஓடினாங்க. அந்த வருஷம் கம்பெனிக்கு வந்த லாபம் சுமார் 10,500 கோடி. பிரிச்சுக் குடுத்தது சுமார் 31,900 கோடி. மிச்சம் எங்கேர்ந்து வந்துது? பல வருஷமா சேத்து வச்சிருந்ததுலேர்ந்து வழிச்சுக் குடுத்தாங்க. அப்ப கிட்டத்தட்ட மூணுல ரெண்டு பங்கு ஷேரு தாய்க் கம்பெனி வேதாந்தா கையில, அவுங்க குடும்பத்துக்கோ பெரிய கடன். யாரு வயித்துப் பசிக்கு உல வச்சாங்கன்னு இப்பப் புரியுதா? அடுத்த வருஷம் எவ்ளோ குடுத்தாங்க தெரியுமா? 13 ரூபா. 75ஐ நம்பி வாங்குனவன் 13ஐ வாங்கிட்டு வீட்ல இன்னா சொல்லியிருப்பான்?

திண்டிவனம் மார்க்கெட் கமிட்டிக்கு மல்லாட்டை விக்க என்கூட ஒருக்கா வந்திருக்கியே, யாவாரி இன்னா பண்ணான்? மூட்டை மேல தடவிப் பாத்துட்டா வெல சொன்னான்? கைய முழங்கை வரைக்கும் உள்ள வுட்டு அடியிலேர்ந்து ஒரு பிடி அள்ளுனான். காதுகிட்ட வச்சு குலுக்குனான். நாலு காய விரலாலயே நசுக்கி, பருப்பு சுருங்கியிருக்கா, பூஞ்சக்காளான் ஏறியிருக்கா, மண்ணு எவ்ளோ கலந்திருக்குன்னு பாத்துட்டுத்தான் வாயத் தொறந்தான். நீ பத்தாவது ஃபெயிலானவன்னு சொல்லி சிரிச்சியே, அந்த ஆளுதான். நீ பட்டம் வாங்கினவன், மூட்ட மேல ஒட்டின சீட்டப் படிச்சுட்டு 4 லட்சம் எடுத்துக் குடுக்கற. லாபத்துல எத்தன பங்க பிரிக்கறான், மீதிய வச்சு இன்னா பண்றான், கடன் வாங்கிப் பந்தி போடறானா, பத்து வருஷமா விடாம குடுத்திருக்கானா, இதெல்லாம் கம்பெனி ஆண்டறிக்கையில சும்மாவே கெடக்குது. நெய்வேலியில ரிட்டயர்டான நம்ம சம்பந்தி அத மூக்குக் கண்ணாடி போட்டுகிட்டு எழுத்துக்கூட்டிப் படிக்கறாரு. உனக்குக் கண்ணாடி கூட வேணாம்.

பேங்க் ஷேர்னா பயமில்லங்கறியா? கரூர்ல 1926ல ஆரம்பிச்ச லட்சுமி விலாஸ் பேங்க் ஒரு காலத்துல டிவிடெண்ட் குடுத்துகிட்டிருந்த பேங்க்தான். 2020 நவம்பர்ல டி.பி.எஸ். பேங்க்கோட சேத்தாங்க. டெபாசிட் போட்டவங்க தப்பிச்சாங்க, ஷேர் வச்சிருந்தவங்களுக்கு பூஜ்யம். அரைப் பைசாகூட இல்ல. அதனால எல்லாத்தையும் ஒரே எடத்துல கொட்டாத. இதுக்கு மேல இதுல சொல்ல ஒண்ணும் இல்ல.

நம்ம பக்கத்துல ஒரு ஆளு ஷேர் வாங்கின கத கேக்கறியா? ஆளுன்னா மனுஷன் இல்ல, தமிழ்நாடு சர்க்காரு. நெய்வேலி நிலக்கரிக் கம்பெனி என்.எல்.சி.யில 93.56 சதவீதம் டெல்லி கையில இருந்துது. அரசுக் கம்பெனின்னா பொதுமக்கள் கையில 10 சதவீதமாவது இருந்தாகணும்னு அப்ப பங்குச் சந்தையக் கண்காணிக்கற செபியோட விதி, அதனால 2013ல 3.56 சதவீதத்த வித்தாகணும்னு வந்துட்டாங்க. தொழிலாளிங்க ஸ்ட்ரைக். இதுக்கு முன்னாடி 2006ல இதே நெய்வேலிப் பங்க விக்கப் பாத்தப்ப கலைஞர் போட்ட அதட்டல்ல மன்மோகன் சிங் எல்லாக் கம்பெனி விற்பனையையும் நிறுத்தி வச்சாரு. இந்தத் தடவ ஜெயலலிதா, "தனியாருக்கு வேணாம், நாங்களே வாங்கிக்கறோம்"னு நின்னாங்க. சிப்காட், டிட்கோ இன்னும் மூணு அரசு நிறுவனம், அஞ்சும் சேந்து சுமார் 360 கோடிக்கு வாங்குச்சு. ஷேரு ஒண்ணு 60 ரூபா சுத்தி.

அது லாபத்துக்கு வாங்கினது இல்ல மாப்ள, ரோஷத்துக்கு வாங்கினது. ஆனா கூத்தப் பாரு. 2020ல அந்த 60 ரூபா ஷேரு 50க்குக் கீழ எறங்கிடுச்சு. ஏழு வருஷம் கழிச்சும் நட்டம்! நீயா இருந்தா ராத்திரி தூங்காம காலையில வித்திருப்ப. சர்க்காரு ஆபீஸ்ல எவன் போன்ல வெல பாத்துகிட்டு உக்காந்திருக்கான்? கோப்பு நகராம இருக்கறதுக்கும் ஒரு பலன் உண்டு. அந்த 60 ரூபாயில வாங்கி அப்படியே வச்சிருந்தவனுக்கு 2023-24ல ஷேருக்கு 3 ரூபா வந்துது, போட்ட பணத்துக்கு 5 சதவீதம். ஷேரு வெல ஏறினப்புறம் 200 ரூபாய்க்கு வாங்கினவனுக்கும் அதே 3 ரூபாதான், ஒன்றரை சதவீதம். டிவிடெண்ட் பெருகறது காத்திருந்தவனுக்குத்தான், கடைசி பஸ்ஸப் புடிச்சவனுக்கு இல்ல.

அதுக்காக என்.எல்.சி. வாங்குன்னு மாமா சொன்னாருன்னு ஊர்ல சொல்லாத. 2023 ஜூலையில வளையமாதேவியில கால்வா வெட்டறேன்னு கதிர் நிக்கற நெல்லுக்குள்ள எயந்திரத்த எறக்குனாங்களே, நானும் கழனிக்காரன், மறக்க மாட்டேன். கம்பெனி குடுக்கற காசு யாரு கழனியிலேர்ந்து வருதுன்னும் ஒரு பார்வ பாரு.

நாளன்னைக்கு டிவிடெண்ட் தேதி, நாளைக்கே வாங்கிடறியா? பொண்ணு பாக்கப் போறதுக்கே நாள் பாக்காதவன் இதுக்கு மட்டும் பஞ்சாங்கம் பாக்கறியே. 5 ரூபா டிவிடெண்ட்னா அந்தத் தேதியில ஷேரு வெல ஏறக்குறைய அந்த 5 ரூபா எறங்கித்தான் தொறக்கும். வலது பாக்கெட்டுலேர்ந்து எடுத்து எடது பாக்கெட்டுல போட்டுக்கிட்டு, வந்த 5க்கு வரியும் கட்டுவ. ஆமா, வரி உண்டு. 2020 மார்ச் வரைக்கும் கம்பெனியே கட்டிட்டு மிச்சத்தக் குடுத்துது. இப்ப உன் வருமானத்துல சேத்து நீதான் கட்டணும். ஒரே கம்பெனியிலேர்ந்து வருஷத்துக்கு 10,000க்கு மேல போச்சுன்னா அவங்களே 10 சதவீதம் புடிச்சுகிட்டுத்தான் அனுப்புவாங்க. என் மல்லாட்டைக்கு வருமான வரி கெடையாது. சும்மா சொன்னேன், ஞாபகம் வந்துது.

மாசாமாசம் குடுக்கறவன் எவனாவது இருக்கானான்னா கேக்கற? இருந்தான். ஆருத்ரா கோல்டுன்னு பேரு. மாசத்துக்கு 25, 30 சதவீதம்னான், 2022ல போலீஸ் கேஸ் போட்டுது, ஏமாத்துன கணக்கு 2,438 கோடின்னு வந்துது. வருஷத்துக்கு ஒருக்காவோ ரெண்டுதரமோ நிதானமாக் குடுக்கறவன்கிட்டயே இரு.

மொத்தத்துல, திங்கக்கெழம ஆபீஸுக்குக் கெளம்பு. சம்பளத்துல மாசம் கொஞ்சம் வாங்கிப் போடு, வர்ற டிவிடெண்ட பிரியாணிக்கு வுடாம அதுலயே இன்னொரு ஷேர் வாங்கு, இருபது வருஷம் கழிச்சு வேலைய விடறதப் பத்தி என்கிட்ட பேசு, நான் இருந்தா. நான் இல்லாட்டியும் பேசு, எதித்துப் பேச ஆள் இருக்காது.

உங்க தாத்தா ட்ரங்குப் பொட்டியில பழைய ஷேர் காகிதம் ஏதாவது கெடக்குதான்னும் உங்கம்மாவத் தேடச் சொல்லு. தொடர்ந்து ஏழு வருஷம் டிவிடெண்ட யாரும் வாங்காம கெடந்தா, அந்தப் பணம் மட்டும் இல்ல, ஷேரே மத்திய அரசோட முதலீட்டாளர் கல்வி, பாதுகாப்பு நிதிக்குப் போயிடும். மனுப் போட்டுத் திரும்ப வாங்கலாம், ஆனா செருப்பு தேயும். உன் டீமேட்டுல நாமினி பேரு போட்டியா? போடலயா? இங்கயே உக்காந்து இப்பவே போடு. பேங்க் கணக்கும் பான் கார்டும் ஒரே பேருல இருக்கான்னும் பாத்துடு.