பல்லண்ணன்

ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் வரை எந்த ஒட்டுக்கடையில் உட்கார்ந்தாலும் இவர் கிடைப்பார். தே தாரிக் கிளாஸுக்குப் பக்கத்தில், நாளிதழ்மேல், எண்ணெய் வழியும் ஒரு ஸ்ப்ராக்கெட் கிடந்தால் ஆள் அவர்தான். ஊருக்கு ஊர் பெயர் மாறும். நான் பொதுவாகப் பல்லண்ணன் என்று வைத்திருக்கிறேன்.

பையன்கள் பழைய கப்சாய் இன்ஜினை இரும்புக் குழாய்ச் சட்டத்தில் பற்றவைத்து, நாலு சக்கரம் மாட்டி, செம்பனைக் காட்டுச் செம்மண் பாதையில் பந்தயம் விடுவார்கள். வெல்டிங் சூடு ஆறுவதற்குள் அண்ணன் குந்தியிருப்பார்.

"எத்தன பல்லுடா?"

"முன்ன பதினாலு, பின்ன நாப்பத்திரண்டுண்ணே."

"மூணுக்கு ஒண்ணு. தார் ரோட்டுக்குச் சரி. இந்த இரும்புக் கட்டில வச்சுக்கிட்டு மேடு ஏறுனா கிளட்ச் கருகுற வாடை கோலகங்சாருக்கே அடிக்கும்."

கோலகங்சார் வாயில் வந்தால் தீர்ந்தது. 1877இல் அங்கே பால்மரக் கன்று நட்ட கதையில் தொடங்கி, தோட்டத்தைத் துண்டாடியதுவரை வந்து, அப்புறம்தான் சங்கிலிக்குத் திரும்புவார்.

"முன்னால ஒரு பல்லக் குறைச்சா பின்னால மூணு கூட்டுன மாதிரி."

கைப்பேசியில் போட்டுப் பார்த்தேன். 42ஐ 13ஆல் வகுத்தால் 3.23, 45ஐ 14ஆல் வகுத்தால் 3.21. மனுஷன் சொன்னது சரி. அதுதான் எரிச்சல்.

"அப்ப முன்னால பத்து போட்றலாமாண்ணே?"

"சின்ன வட்டத்துல சங்கிலி ஒடிஞ்சு ஒடிஞ்சு திரும்பும்டா. சீக்கிரம் தேயும்."

"பின்னால அறுபது?"

"அரை இஞ்ச் சங்கிலிக்கு அறுபது பல்லுன்னா இருபத்துநாலு சென்டிமீட்டர் தட்டு. ஒன் வண்டிக்கு இருக்குறதே குட்டிச் சக்கரம். கித்தாக் கட்டையில தட்டு இடிச்சா, பல்ல எண்ண வேணாம், பொறுக்கிக்கலாம்."

அண்ணன் பந்தயம் விட்டதில்லை. ஆனால் எந்த மேடு எங்கே செங்குத்தாகும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அந்தத் தீம்பாரில் அவர் அம்மா காண்டா வாளியில் பால் சுமந்து இறங்கியபோது, பின்னால் மங்கு பொறுக்கிக்கொண்டு போன கால் அது. மரம் போய்ச் செம்பனை வந்தது, லயம் போய்ப் புல் வந்தது. அண்ணனுக்கு மட்டும் அம்மா இறங்கிய சரிவு பதின்மூணு பல் மேடு, கோயிலுக்குப் பின்னால் இருப்பது பன்னிரண்டு பல் மேடு.

பையன் ஜெயித்தால், "நான் சொன்ன பல்லு." தோற்றால், டயரில் காற்று சரியில்லை. பல் தோற்றதாகச் சரித்திரமே கிடையாது.

போன மாதம் புந்தோங்கில் கச்சான் வாங்கப் போன இடத்தில் என் அக்கா இவரிடம் மாட்டிக்கொண்டாள். மகளுக்கு வந்திருக்கும் மாப்பிள்ளை மெங்லெம்பு பையன், அண்ணனுக்குத் தெரிந்த குடும்பம். எப்படி என்று விசாரித்திருக்கிறாள். அண்ணன் கச்சான் ஒன்றை மென்று முடித்துவிட்டு நிதானமாகச் சொன்னாராம்:

"தங்கமான பையன்தாம்மா. ஆனா முன்னால பதினஞ்சு பல்லு. சமதரையில பறப்பான். மேடு வந்தா, எறங்கித் தள்ளுன்னு ஒம் மகளத்தான் சொல்லுவான்."

அன்று ராத்திரி பத்து மணிக்கு அக்கா எனக்கு ஃபோன் அடித்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்:

"ஏன்டா, பையனுக்குப் பல்லு ரொம்ப எடுப்பா இருக்குமோ?"