ஆரஞ்சுக்கு இயைபு: ஒரு முன்னாய்வுக்கான முன்னுரை

‘ஆரஞ்சு’ என்ற ஆங்கிலச் சொல்லோடு ஓசை ஒத்து முடியும் சொல் அம்மொழியில் இல்லை என்பது நெடுநாளைய கொள்கை. இக்கட்டுரை அதை மறுக்கிறது. தேவைப்பட்டால் ஏற்கவும் செய்யும்.

முதலில் ஆய்வெல்லை. இதே குறை சொல்லப்படும், ஊதாவைக் குறிக்கும் ‘பர்ப்பிள்’ஐப் பற்றிக் கவலை வேண்டாம், ஸ்காட்லாந்தில் நொண்டி நடப்பது ‘ஹர்ப்பிள்’, குதிரையின் பின்புறம் ‘கர்ப்பிள்’. வெள்ளியைக் குறிக்கும் ‘சில்வர்’க்கு இயைபு, பெட்டை ஆட்டுக்குட்டியைக் குறிக்கும் ‘சில்வர்’. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுவதால் மேலே செல்வோம்.

ஆரஞ்சுக்குக் கிடைப்பவை இரண்டே. ஒன்று ‘ஸ்போரஞ்ச்’, பெரணிச் செடியின் வித்துப்பை (காண்க: அகராதி). மற்றது ‘ப்ளாரஞ்ச்’, வேல்ஸில் அபெர்கவென்னி ஊருக்கருகே 561 மீட்டர் உயர்ந்து நிற்கும் மலை (காண்க: நிலப்படம், அகராதிக்கு அடியில் கிடக்கிறது). ஆகவே ஆரஞ்சைப் பாடும் ஆங்கிலக் கவிஞர், அந்த மலையேறி, பெரணிப் புதர் ஓரம் உட்கார்ந்து பழத்தை உரித்தே தீர வேண்டும். வேறு கதைக்கு இலக்கணம் இடந்தரவில்லை.

இங்கே ஒரு கறை குறுக்கிடுகிறது. அகராதியில் ‘ஆரஞ்சு’ இருக்கும் பக்கத்தின் இடப்புறம் ஊறுகாய் எண்ணெய் படிந்துள்ளது (காண்க: மேற்படி பக்கம், கறையின் காலம் குறித்து இல்லத்தரசியாரின் வாய்மொழி, சமையலறை, ஞாயிறு காலை, அதை மறுத்து மாமியாரின் வாய்மொழி, அதே இடம், இரண்டு நிமிடம் கழித்து, இரண்டையும் ஒப்புநோக்க ஆய்வாளர் துணியவில்லை). மோந்து பார்த்ததில் அது நாரத்தங்காய் ஊறுகாய் என்று உறுதியாயிற்று.

ஆய்வின் திருப்புமுனை இதுவே. ஆரஞ்சின் வழி வடமொழி ‘நாரங்க’, பாரசீக ‘நாரங்’, அரபு ‘நாரஞ்ச்’ என்று போகிறது. ஸ்பானியர் முதலிலுள்ள ‘ந’கரத்தை இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். பிரெஞ்சுக்காரர் தொலைத்துவிட்டு, மிச்சத்தை ஆங்கிலேயரிடம் கொடுத்தார்கள். வடமொழிச் சொல்லுக்கே மூலம் திராவிடமாக இருக்கலாம் என்பர் சொற்பிறப்பியலார். ‘இருக்கலாம்’ என்பதை ‘ஆகும்’ என்று வாசிப்பது நம் துறையின் மரபு. அந்த மரபால் முனைவரானோர் பலர்.

இனி யாப்பு. ஆங்கிலேயர் கடைசி ஓசையைத் தேடி மலையேறினர். நமக்கோ முதலெழுத்தின் அளவும் இரண்டாம் எழுத்தும் ஒத்தால் எதுகை. ஆரஞ்சு, காரம், பாரம், தாரம், வாரம் என்று வீட்டுக்குள்ளேயே கொட்டிக் கிடக்கிறது. இவற்றுள் தலையாயது: ஆரஞ்சு – நாரத்தை. ஊரெல்லாம் துணை தேடி அலைந்த சொல்லுக்குச் சொந்தப் பாட்டியே எதுகை! ஆங்கிலேயர் முதலெழுத்தைக் குறிலாக்கி ‘ஒரிஞ்ச்’ என்கிறார்களே, அளவு பிசகாதா என்பர் சிலர். அது ஆங்கிலேயரின் உச்சரிப்புப் பிழை என்று தள்ளப்படுகிறது.

மேலாய்வுக்கு ஊறுகாய் ஜாடி தேவைப்படுகிறது. மாமியார் அதை மேல்தட்டுக்கு மாற்றிவிட்டார்; உயரம் 561 மீட்டருக்குச் சற்றுக் குறைவு.