நின்று வாதிக்கும் சம்பிரதாயம்

கேள்வி: ஸ்தாபித்தவர் காலமான பின்னும் சில வக்கீல் ஆபீஸ்களில் அவருடைய குணம் நிலைத்திருக்கிறதே, அது பெயர்ப்பலகையின் மகிமையா?
– ஓர் இளம் வழக்கறிஞர், மன்னார்புரம்

பதில்: பலகைக்கு அத்தனை சக்தி இருந்தால், அதை எழுதிய பெயிண்டரே பெரிய வக்கீலாகியிருப்பார்! காவிரிப் பாலம் கடந்தால் வரும் ஸ்ரீரங்கத்தில் 1927-இல் பிறந்து, 1983 முதல் 1989 வரை இந்தியாவின் அட்டர்னி ஜெனரலாக விளங்கிய கே. பராசரன், 2019-இல் அயோத்தி வழக்கில் தொண்ணூறு பிராயம் கடந்த நிலையில் வாதிக்க எழுந்தபோது, உட்கார்ந்தே வாதிக்கலாமே என்று பிரதம நீதிபதி ரஞ்சன் கோகோய் பரிவுடன் கேட்க, நின்று வாதிப்பதே வக்கீல்களின் சம்பிரதாயம் என்று வினயமாகக் கூறி நின்றபடியே தொடர்ந்தார். அதைக் கேஸ் கட்டுடன் பின்னால் நின்று பார்க்கும் ஜூனியருக்குத் தொழில் தர்மத்தைப் பற்றித் தனி உபந்நியாசம் எதற்கு? பராசரனின் தந்தை கேசவ ஐயங்காரும் வேத பாண்டித்தியம் மிக்க வக்கீல். புதல்வர் மோகன் பராசரன் தந்தை வகித்த சொலிசிட்டர் ஜெனரல் பதவியை வகித்தவர். ஆனால் ரத்த பந்தம் மட்டும் போதாது. வாய்தா கேட்கச் சீனியர் சொல்லும் காரணம் மெய்யா பொய்யா என்பது குமாஸ்தாவுக்குத் தெரியும்; சீனியர் மெய்யே சொல்லிப் பழகினால், அடுத்த தலைமுறைக்கும் அதுவே அந்த ஆபீஸின் எழுதாத சட்டமாகிறது. ஆகவே, நீங்கள் சீனியரைத் தேடும்போது, புஸ்தக அலமாரிகளை எண்ணுவதை விட்டு, வழக்கில் தோற்ற கட்சிக்காரரிடம் அவர் எப்படிப் பேசுகிறார் என்பதை விசாரித்துச் சேருங்கள்.