கல்லைக் காட்டிய கதை

ராயபுரத்தில் பிறந்தவனுக்குப் பழம்பெருமை செலவில்லாமல் கிடைத்துவிடும். 1856-ல் திறந்த ரயில் நிலையம் இன்னும் நிற்கிறது. அதன் தூண்களைக் காட்டினாலே வந்த விருந்தாளி அண்ணாந்து பார்ப்பார். நான் அதோடு விடாமல், “இந்தியாவிலேயே முதல் ஸ்டேஷன்” என்று ஒரு பிடி கூட்டியே சொல்லி வந்தேன். பம்பாயில் 1853-லேயே ரயில் ஓடிவிட்டது எனக்கும் தெரியும். பக்கத்தில் பம்பாய்க்காரர் யாரும் இல்லாதவரை ஒரு தொந்தரவும் இல்லை.

மாட்டிக்கொண்டது சைதாப்பேட்டை விஷயத்தில். அடையாற்றின் மேல் இருந்த மர்மலாங் பாலத்தைப் பற்றி எங்கள் தெருப் படிப்பகத்தில் பேசச் சொன்னார்கள். கட்டியது 1726-ல். அந்தக் காலத்தில் மரப்பாலமாகத்தானே இருக்கும்? நானே முடிவுகட்டிக்கொண்டேன். கட்டியவர் ஒரு வெள்ளைக்காரத் துரை என்றேன். குதிரை வண்டி போகும்போது தேக்குப் பலகைகள் கிறீச்சிட்டதைக்கூட வாயாலேயே செய்து காட்டினேன். கைதட்டினார்கள்.

அப்புறம்தான் பழைய ஓவியம் ஒன்று கண்ணில் பட்டது. ஆற்றுக்குக் குறுக்கே வரிசையாகக் கட்டட வளைவுகள். பலகையாவது, கிறீச்சாவது! திருத்திச் சொல்லிவிடலாம் என்று அடுத்த கூட்டத்துக்குப் போனேன். அன்று சர்க்கரை நோய் பற்றிய பேச்சு. இரண்டு போண்டாவைத் தின்றுவிட்டுப் பேசாமல் வந்துவிட்டேன்.

துரையும் பொய். பாலத்தைத் தன் பணத்தில் கட்டியவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். பரங்கிமலைக்குப் படிக்கட்டு போட்டுக் கொடுத்தவரும் அவரே. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது அவர்கள் பக்கம் சாய மறுத்துச் சொத்தைப் பறிகொடுத்தார். இப்படிப்பட்ட மனிதரைத்தான் துரையாக்கியிருக்கிறேன். இதில் கேவலம் என்னவென்றால், அரண்மனைக்காரத் தெருவில் இருக்கும் ஆர்மீனியர் கோயிலைத் தாண்டித்தான் வருஷக்கணக்காக வேலைக்குப் போனேன். உலகின் முதல் ஆர்மீனியப் பத்திரிகையை 1794-ல் சென்னையிலிருந்து கொண்டுவந்த பாதிரியாரின் கல்லறை அங்கேதான் இருக்கிறது. நான் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் இருந்தேன்.

பரிகாரமாக, உஸ்கான் நினைவுக் கல்லைக் காட்ட அக்கா பையனைச் சைதாப்பேட்டைக்குக் கூட்டிப் போனேன்.

“பாலம் எங்க மாமா?”

“அது போயிடுச்சுடா. அந்த இடத்துல 1966-ல மறைமலை அடிகள் பாலம் வந்துடுச்சு.”

“அப்ப கல்லு மட்டும்தானா? என்ன எழுதியிருக்கு?”

பாரசீகம், ஆர்மீனியம், லத்தீன் என்று மூன்று மொழிகள். வீட்டிலிருந்தே இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தேன். படித்துக் காட்டச் சொல்வான் என்று நினைக்கவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “பாலம் கட்டினதைச் சொல்லுது” என்றேன்.

“மூணுலயுமா?”

“மூணுலயும்.”

அவன் கல்லைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான். கரும்பு ஜூஸ் வாங்கிக் கொடுத்துப் பேச்சை மாற்றினேன்.

படிப்பகத்தில் மறுபடியும் கூப்பிட்டிருக்கிறார்கள். இந்த முறை பேசின் பிரிட்ஜிலிருந்து எண்ணூருக்குப் பாசில் காக்ரேன் வெட்டுவித்த கால்வாய். யாரையும் துரை என்று சொல்லுமுன் இரண்டு புத்தகம் பார்த்துவிடுவதாக இருக்கிறேன். காக்ரேன் துரைதான். படகுகளும் மரம்தான், அந்த மட்டும் தைரியமாகச் சொல்லலாம்.